செம்பு ஒயர் என்று விற்கிறார்கள், சுரண்டினால் அலுமினியம்: பழைய வீட்டில் ஒயரிங் செய்பவர்கள் கவனத்துக்கு

பழைய வீட்டில் ஒயர் மாற்றப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடைப் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

மயிலாடுதுறை பக்கம் எங்கள் பூர்வீக வீடு. அத்தை மட்டும் அங்கே இருக்கிறார். இந்தக் கோடையில் நானும் தம்பியும் முடிந்த மராமத்து வேலைகளை நாங்களே செய்துவிடுவது என்று இறங்கினோம். ஓடு மாற்றுவது, குழாய், கதவுக் கீல் எல்லாம் சுமாராக முடிந்தன. ஒயரிங்தான் பாக்கி. கூடத்தில் தேக்கு ரீப்பர் மேல் கிளிப் அடித்து ஓட்டியிருந்த ரப்பர் ஒயர், தொட்டாலே பொடியாக உதிர்ந்தது. பைப் அடிப்பது, பெட்டி பொருத்துவது, ஒயர் இழுப்பது நாங்கள். இணைப்பு கொடுப்பதும் சோதிப்பதும் லைசன்ஸ் உள்ள ஒயர்மேன். அப்படித்தான் பேச்சு.

கடைத்தெருவில் பெரிய கடை ஒன்றில்தான் ஒயர் வாங்கினோம். ஓரமாகப் பாய் விரித்து விற்கிற கடையில்லை. 1.5 ஸ்கொயர் எம்.எம்., 90 மீட்டர் காயில். பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை, ‘100% செம்பு’ என்று கொட்டை எழுத்து. பெயர், எல்லோருக்கும் தெரிந்த ஒரு கம்பெனியின் பெயரில் ஓரெழுத்து மட்டும் மாறியது. விலையும் மற்ற கடைகளைவிடக் கொஞ்சம்தான் குறைவு. சாமர்த்தியமே அங்கேதான்: பாதி விலை சொன்னால் யாருக்கும் சந்தேகம் வரும், நூறு இருநூறு குறைத்தால் கடைக்காரர் நல்லவர் என்று தோன்றும். தம்பி பில் கேட்டான். “பில் போடுற பொண்ணு இன்னைக்கு லீவு தம்பி, எஸ்டிமேட் எடுத்துட்டுப் போங்க, நாளைக்கு வந்து பில் வாங்கிக்கலாம்” என்றார். அந்த நாளை இன்றுவரை வரவில்லை. எஸ்டிமேட் சீட்டில் ‘ஒயர் 1.5’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

கூடம் முழுக்க ஒயர் இழுத்து முடித்த பிறகு ஒயர்மேன் வந்தார். சுவிட்சில் ஒரு முனையை வைத்துத் திருகை முடுக்கியபோது இழைகள் பட் பட்டென்று அறுந்தன. ஓர் இழையை எடுத்து பிளேடால் சுரண்டினார். உள்ளே வெள்ளை. “இது செம்பு இல்ல சார், செம்பு முலாம் போட்ட அலுமினியம்” என்றார். அப்புறம் நாங்கள் கழற்றிப் போட்டிருந்த ரப்பர் ஒயரில் ஒன்றை எடுத்துச் சுரண்டிக் காட்டினார். அது நேர் எதிர்: மேலே வெள்ளை, உள்ளே நல்ல சிவப்பு. ரப்பரில் இருக்கும் கந்தகம் செம்பை அரிக்கும் என்பதால் அந்தக் காலத்தில் செம்புக்கு வெள்ளீயம் பூசினார்கள். அவர்கள் செம்பைக் காப்பாற்றப் பூசினார்கள், இவர்கள் நம்மை ஏமாற்றப் பூசுகிறார்கள்.

அலுமினியமாக இருந்தால் என்ன, கரண்ட் போகாதா என்று அத்தை கேட்டார். போகும். ஆனால் அதே தடிமனில் செம்பைவிட மின்தடை அதிகம், அதனால் சூடும் அதிகம். அதைவிட மோசம், திருகுக்கு அடியில் அலுமினியம் நாளாக ஆக நசுங்கி இணைப்பு தளர்ந்துவிடும். தளர்ந்த இடத்தில் பொறி பறக்கும். சுவருக்குள்ளோ ஓட்டுக்கடியிலோ நடந்தால் வெளியே தெரியாது. எம்.சி.பி. (கரண்டைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. ஓவர்லோடும் ஷார்ட்டும் வந்தால்தான் அது விழும். தளர்ந்த இணைப்பு சூடாவது அதற்குத் தெரியாது.

கடைக்குத் திரும்பிப் போனால் முதல் கேள்வி, “இது எங்க சரக்குன்னு என்ன அத்தாட்சி?” எஸ்டிமேட் சீட்டு எதற்கு என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. வரியை மறைக்க மட்டுமல்ல, சரக்கையே மறுக்கவும் உதவுகிறது. ரூ.200-க்கு மேல் விற்றால் ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கடை பில் கொடுத்தே ஆக வேண்டும், லீவு போட்ட பெண் காரணம் ஆகாது. நல்லவேளை, பணம் ஜி-பேயில் போயிருந்தது. அதைக் காட்டி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அங்கேயே நின்று போன் போட்ட பிறகு, பிரிக்காத காயில்களை மட்டும் எடுத்துக்கொண்டு பணம் கொடுத்தார். இழுத்த ஒயருக்கு, “வெட்டின சரக்கு ரிட்டர்ன் கிடையாது.”

பி.ஐ.எஸ். கேர் என்ற ஆப் இருக்கிறது, அரசாங்கத்தினுடையது. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 694 (இந்த வகை ஒயருக்கான இந்தியத் தர எண்) என்றும் கீழே சி.எம்./எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை ஆப்பில் போட்டால் யாருக்குக் கொடுத்த உரிமம், எந்தப் பொருளுக்கு, இப்போது செல்லுமா என்று வரும். எங்கள் பெட்டியில் இருந்த எண்ணுக்கு வேறு ஊர்க் கம்பெனியின் பெயர் வந்தது. கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம், கூச்சப்படாதீர்கள்.

காயிலை எடை போடச் சொல்வதும் நல்லது. 1.5 ஸ்கொயர் எம்.எம்., 90 மீட்டர் என்றால் உள்ளே செம்பு மட்டுமே சுமார் 1.2 கிலோ இருக்க வேண்டும். அலுமினியத்தின் எடை செம்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். பிளாஸ்டிக்கோடு சேர்த்தே 1.2 கிலோ வரவில்லை என்றால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் முழுக் காயிலின் இரண்டு முனைக்கும் நடுவே மின்தடையைப் பாருங்கள், சுமார் 1.2 ஓம்முக்கு மேல் போகக் கூடாது. மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய ஒயருக்கான பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தயாராகிறது. ரூ.5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இழுத்த ஒயரையெல்லாம் உருவி, காலிப் பெட்டியோடு மூட்டை கட்டி வைத்திருக்கிறோம். கொல்லையில் துணிக்கொடி கட்ட ஒரு துண்டு கேட்டு அத்தை நச்சரிக்கிறார். சாட்சி, தர முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.