கசோட்டோவா, மியூசெட்டா? 1950களின் இத்தாலிய அக்கார்டியனில் எதை வாங்கலாம்

இத்தாலியின் காஸ்டெல்பிடார்டோ ஊர்ப் பட்டறைகளில் செய்த பழைய 120 பேஸ் அக்கார்டியன்கள் (துருத்தியை இழுத்து அழுத்தி வாசிப்பவை; இடக்கைக்கு 120 பொத்தான்) வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வலக்கைக்கு 41 கட்டை, இடக்கைக்கு 6 வரிசைப் பொத்தான்கள், மேலே செல்லுலாய்டு. மியூசெட், கசோட்டோ என்ற இரண்டு வகைகளின் வித்தியாசமெல்லாம் கட்டைகளுக்கு அடியில்தான்.

மியூசெட் வகையில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு கீழ் ஸ்தாயி ரீடும் (ரீடு என்பது காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்கு) மூன்று நடு ஸ்தாயி ரீடுகளும் இருக்கும். மூன்றில் ஒன்று சரியான சுருதியில் நிற்க, ஒன்று சற்று மேலேயும் ஒன்று சற்றுக் கீழேயும் சேர்க்கப்பட்டிருக்கும். 440 ஹெர்ட்ஸ் சுரத்தில் 20 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) விலகினால் நொடிக்கு சுமார் 5 முறை ஒலி அலைபாயும். மேலே போகப் போக இந்த விலகலைக் குறைக்க வேண்டும். குறைக்காமல் விட்டால் உச்ச சுரங்கள் நடுங்கிக் கூசும்.

கசோட்டோவில் கீழ் ஸ்தாயி ரீடும் ஒரு நடு ரீடும் ஒரு மர அறைக்குள் இருக்கும். ஒலி அந்த அறையில் திரும்பி வெளிவருவதால் கூர்மை வடிந்து உருண்டையாகக் கேட்கும். அந்த இரண்டையும் மட்டும் திறக்கும் பாண்டோனியன் சுவிட்சைப் போட்டு மெதுவாக வாசித்தால், இதற்கு ஏன் கூடுதல் விலை என்பது புரிந்துவிடும். திறந்தவெளியில் நடனத்துக்கு வாசிக்கிறவருக்கு மியூசெட்டே எடுப்பு.

பராமரிப்புதான் முடிவைத் தீர்மானிக்கிறது. கசோட்டோவில் ஒவ்வொரு கட்டைக்கும் காற்றுத்துளையை அடைக்கும் மூடிகள் இரண்டு: அறைக்கு ஒன்று, வெளித்துளைகளுக்கு ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். ஒன்றின் ஃபெல்ட் இறுகிப்போனால் இரண்டில் ஒன்று இம்மியளவு திறந்தே நிற்கும்; கட்டையைத் தொடாமலே சுரம் முனகும், காற்றும் வீணாகும். மியூசெட்டில் பெரும்பாலும் ஒரே மூடி என்பதால் சரிசெய்வது எளிது.

மெழுகு இரண்டுக்கும் பொதுவான தொல்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து ரீடு தகடுகளை ஒட்டியிருப்பார்கள். பல பத்தாண்டுகளில் அது வறண்டு வெடிக்கும், தகடு ஆடும், சுரம் கரகரக்கும். வலப்பக்கம் மட்டும் 164 தகடு, தகட்டுக்கு இரண்டு நாக்கு. கசோட்டோ ரீடை மேசையில் சுருதி சேர்த்தால் போதாது; அறைக்குள் போனதும் சுருதி நகரும். கழற்றி, மாட்டி, மறுபடி கேட்க வேண்டும். கூலி ஏறுவது இதனால்தான்.

வாங்கும்போது ஒற்றை ரீடு சுவிட்சில் ஒவ்வொரு கட்டையையும் துருத்தியை இழுத்தும் அழுத்தியும் வாசியுங்கள். ஒரு திசையில் மட்டும் சுரம் தாமதித்தால் தோல் வால்வு சுருண்டிருக்கக்கூடும். ரீடுகளைத் திறந்து பாருங்கள்: நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், நாக்கைத் தகட்டில் பொருத்திய ஆணிப்பக்கம் சுரண்டினால் இறங்கும். ஆழமான கீறல் தெரிகிற மியூசெட்டை விட்டுவிடுங்கள். அதிகம் சுரண்டி மெலிந்த நாக்கு நீடிக்காது. கசோட்டோ என்று சொல்லி விற்றால் முன் கிரில்லைக் கழற்றிக் கட்டையை அழுத்துங்கள். உள்ளே ஆழத்தில் இரண்டாவது மூடி எழவில்லை என்றால் அந்த விலையைக் கொடுக்காதீர்கள்.

நல்ல பழுதுபார்ப்பவர் எட்டும் தூரத்தில் இருந்தால் கசோட்டோ. இல்லையென்றால், சுரண்டல் குறைந்த ரீடுகளோடு ஒரு மியூசெட்.