ஈஸ்ட் மியான் சர்ச் ஞானஸ்நானத் தொட்டி: இதுக்காக அவ்ளோ தூரம் போகலாமா?

போகலாம். வின்செஸ்டர் கதீட்ரல் பாக்கப் போற பிளான் இருக்கவங்க அதுல அரை நாளை வெட்டி இதுக்கு ஒதுக்கலாம், அதுக்கு மேல விவரம் வேணும்னா படிங்க.

இடம் எங்கன்னா, இங்கிலாந்து தெற்குல ஹாம்ப்ஷயர், சவுத் டவுன்ஸ் மலைங்களுக்கு நடுவுல ஈஸ்ட் மியான்னு ஒரு கிராமம். தெருவோரமாவே மியான் ஆறு ஓடுது, ஆறுன்னு சொல்றது கொஞ்சம் ஓவர்தான், அந்த இடத்துல ஒரு வாய்க்கால் அளவுக்குதான் இருக்கு, ஆனா தண்ணி அடி தெரியுற மாதிரி சுத்தம். பார்க் ஹில்னு ஒரு பச்சை மலை, அது சரிவுல ஆல் செயின்ட்ஸ் சர்ச், நடுவுல டவர், டவர் மேல ஈயத் தகடு போட்ட கூம்பு. நார்மன் காலத்துக் கட்டடம். வெளிய இருந்து பாத்தாலே இது சாதாரண கிராமத்து சர்ச் சைஸ் இல்லையேன்னு தோணும், ஏன்னா அந்த ஊரு அப்போ வின்செஸ்டர் பிஷப்புங்களோட பெரிய எஸ்டேட், பணம் அங்க இருந்து வந்திருக்கு.

உள்ள போனா கருப்பா சதுரமா கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலத்துல ஒரு கல் நிக்குது. அதான் நம்ம ஆளு. 1150 வாக்குல செஞ்சது, பெல்ஜியத்துல டூர்னேன்ற ஊர்ல வெட்டின கல்லு. எல்லாரும் டூர்னே மார்பிள்னு சொல்றாங்க ஆனா அது மார்பிளே இல்ல, நல்லா பாலிஷ் ஏறுற ஒரு கருப்பு சுண்ணாம்புக்கல், அவ்ளோதான். ஷெல்ட் ஆறு வழியா இறக்கி கப்பல்ல ஏத்தி இங்கிலீஷ் கால்வாய் தாண்டி கொண்டு வந்திருக்காங்க, இத்தனை வெயிட்ட அந்தக் காலத்துக் கப்பல்லயும் மாட்டு வண்டியிலயும் வெச்சு இந்த மலைக்கு நடுவுல எப்படிடா இழுத்துட்டு வந்தீங்கன்னு கேக்கணும் போல இருந்துச்சு. இந்த மாதிரி டூர்னே தொட்டி இங்கிலாந்து முழுக்க ஏழுதான்னு பொதுவா கணக்கு சொல்றாங்க, அதுல நாலு ஹாம்ப்ஷயர்லயே இருக்கு: வின்செஸ்டர் கதீட்ரல், சவுத்தாம்ப்டன் செயின்ட் மைக்கேல்ஸ், செயின்ட் மேரி போர்ன், அப்புறம் இது. இப்படி ஒரே மாவட்டத்துல குவிஞ்சதுக்கு காரணம் ஹென்றி ஆஃப் ப்ளுவாவா இருக்கலாம்னு சொல்றாங்க. 1129ல இருந்து 1171 வரைக்கும் வின்செஸ்டர் பிஷப், ஸ்டீஃபன் ராஜாவோட கூடப்பிறந்த தம்பி, கையில காசும் இருந்துச்சு, நல்ல பொருள் எங்க கிடைச்சாலும் வாங்கிப் போடுற ரசனையும் இருந்துச்சு. ரசீது எதுவும் கிடைக்கல, ஆனா ஆள் பொருந்துறார்.

சரி, செதுக்கல். நாலு பக்கத்துல ரெண்டு பக்கம் கதை, ரெண்டு பக்கம் டிசைன்.

கதைப் பக்கம் ஆதாம் ஏவாள். காமிக்ஸ் மாதிரி ஒரே பட்டையில வரிசையா போகுது, நடுவுல கோடு கிடையாது, அதே ஆளுங்க திரும்பத் திரும்ப வர்றாங்க. கடவுள் ஆதாமைப் படைக்கிறார், அப்புறம் தூங்குற ஆதாமோட விலாவுல இருந்து ஏவாள் பாதி உடம்பு வெளிய வந்த நிலையில நிக்கிறா, அப்புறம் பாம்பு, பழம். எல்லாருக்கும் தலை பெருசு, உடம்பு குட்டை, முகத்துல பெருசா எக்ஸ்பிரஷன் இல்ல. அடுத்த பக்கத்துல ஏதேன் தோட்டம். தோட்டம்னு சொல்றோமே தவிர செதுக்கினவர் அதை வளைவும் தூணும் வெச்ச ஒரு அரண்மனையா பண்ணிட்டார், அவருக்குத் தெரிஞ்ச சொகுசு அதுதான் போல. வாசல்ல வாளோட தேவதூதன், ரெண்டு பேரையும் வெளிய தள்ளுறார்.

இது வரைக்கும் ஓகே, நல்லாருக்கு. இதுக்கு அடுத்ததுதான் எனக்கு இந்தத் தொட்டியோட பெஸ்ட் பார்ட். வெளிய வந்த ஆதாமுக்கு ஒரு தேவதூதன் நிலத்தைத் தோண்ட சொல்லித் தர்றார், மிதிச்சுக் குத்துற ஸ்பேட், அதை எப்படிப் பிடிக்கணும்னு காட்டிட்டு இருக்கார். பக்கத்துல ஏவாள் நூல் நூத்துட்டு நிக்கிறா. பைபிள்ல ஆதியாகமத்துல தோட்டத்தை விட்டு அனுப்பின கதை இருக்கு, தேவதூதன் வந்து ட்ரெயினிங் குடுத்ததா கிடையாது, அது படம் வரையிறவங்களும் கல் செதுக்குறவங்களும் பின்னாடி சேத்துக்கிட்டது. ஞானஸ்நானத்துக்குக் குழந்தையத் தூக்கிட்டு வந்த ஈஸ்ட் மியான் ஜனங்க யாரு? மண்ணு தோண்டுறவங்களும் நூல் நூக்குறவங்களும்தான், அதுவும் பிஷப்போட நிலத்துல. சொர்க்கத்து அரண்மனையை அவங்க பாத்திருக்க மாட்டாங்க, ஸ்பேடை தினமும் பாத்திருப்பாங்க. 1381 விவசாயிகள் கிளர்ச்சி டைம்ல ஜான் பால்னு ஒரு பாதிரியார், ஆதாம் தோண்டி ஏவாள் நூல் நூத்த காலத்துல ஜென்டில்மேன்னு எவன் இருந்தான்னு கேட்டு கூட்டத்தைக் கிளப்பிவிட்டார், அதே ரெண்டு வேலைய அதுக்கு 200 வருஷம் முன்னாடியே இந்தக் கல்லுல பிஷப்போட சர்ச்சுக்குள்ளயே செதுக்கி வெச்சிருக்காங்கன்னா எனக்கு செம காமெடியா இருந்துச்சு.

மத்த ரெண்டு பக்கம் சுமார்தான். கீழ தூண் வரிசை, மேல மிருகங்க, பறவைங்க. தட்டையான பூமியைத் தூண்கள் தாங்குற மாதிரின்னு சிலர் விளக்கம் சொல்றாங்க, இருக்கலாம், ஆனா எனக்கு அது பட்டறையில கை பழகிப்போன ஸ்டாண்டர்ட் டிசைன் மாதிரிதான் தெரிஞ்சுது. மறக்காதீங்க, இது ஒரு எக்ஸ்போர்ட் ஐட்டம், டூர்னேல இதே அச்சுல நிறைய தொட்டி செதுக்கி வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்காங்க.

ஒரு முக்கியமான டிப்ஸ். செதுக்கல் ஆழமே கிடையாது, கல்லும் கருப்பு, அதனால நேரா நின்னு ஃப்ளாஷ் அடிச்சு போட்டோ எடுத்தா ஒரு கருப்புப் பலகைதான் வரும். போன் டார்ச்ச ஆன் பண்ணி கல்லுக்குப் பக்கவாட்டுல, கிட்டத்தட்ட உரசுற மாதிரி பிடிங்க, உடனே துணி மடிப்புல இருக்கிற கோடு கோடா வெட்டினதெல்லாம் நிழலோட எழுந்து வரும். ஏவாள் விலாவுல இருந்து வர்ற இடத்துல இதை ட்ரை பண்ணுங்க, அதுக்கு முன்னாடி ஒரு மேடு மாதிரி தெரிஞ்சது திடீர்னு ஆளா தெரியும். தொடாதீங்க, கை எண்ணெய் பட்டா கல்லுக்கு நல்லதில்ல. முட்டி போட்டு உக்காந்து பாருங்க, நின்னு பாத்தா பாதி மிஸ் ஆகும்.

ஏன் இவ்ளோ பெரிய தொட்டின்னு கேட்டா, அப்போல்லாம் நெத்தியில மூணு சொட்டு விடுற கதை இல்ல, குழந்தைய முக்கித்தான் எடுப்பாங்க. மந்திரிச்ச தண்ணி தொட்டியிலயே கிடக்கும், அதை மாந்திரீகத்துக்குத் திருடுவாங்கன்னு பயந்து 1236ல கேன்டர்பரி ஆர்ச்பிஷப் எட்மண்ட் எல்லாத் தொட்டிக்கும் பூட்டோட மூடி போடணும்னு ஆர்டர் போட்டார். பழைய தொட்டி எங்க பாத்தாலும் விளிம்புல ஓட்டையோ உடைஞ்ச தடமோ இருக்கான்னு தேடுங்க, நிறைய இடத்துல அந்தப் பூட்டு மாட்டின அடையாளம்தான் அது.

இப்போ வின்செஸ்டரோட கம்பேர் பண்ணாம இருக்க முடியாது. அங்க இருக்கிறது செயின்ட் நிக்கோலஸ் கதை, கைவேலை அங்க இன்னும் நெருக்கமா இருக்கு, ஒத்துக்கிறேன். அதுல ஒரு கப்பல் இருக்கு, பின்பக்கம் சுக்கான் மாட்டினது, அப்படி சுக்கான் வெச்ச கப்பலோட ரொம்பப் பழைய படங்கள்ல அதுவும் ஒன்னுன்னு கப்பல் ஹிஸ்டரி ஆளுங்க அதைக் கொண்டாடுவாங்க. ஆனா கதீட்ரல்ல டிக்கெட், கூட்டம், சுத்திப் பாக்க வேற ஆயிரம் விஷயம், தொட்டிகிட்ட ரெண்டு நிமிஷம் நிக்கிறதே பெருசு. ஈஸ்ட் மியான்ல நான் இருந்த நேரம் முழுக்க வேற யாருமே வரல, இஷ்டத்துக்கு சுத்தி சுத்தி வந்தேன். என் ஓட்டு கிராமத்துக்குத்தான்.

அங்கயே சுவத்துல இன்னொரு கல்லு இருக்கு, விட்டுடாதீங்க, 'ஆமென்ஸ் ப்ளென்டி'ன்னு மட்டும் எழுதியிருக்கும். 1644 உள்நாட்டுப் போர்ல பக்கத்துல செரிட்டன்ல சண்டை நடந்துச்சு, அந்த டைம்ல செத்த சோல்ஜருங்களுக்கு வெச்சதுன்னும், நின்ன வாக்குலயே புதைச்சாங்கன்னும் ஊர்ல சொல்றாங்க.

போறது எப்படி: லண்டன் வாட்டர்லூல இருந்து பீட்டர்ஸ்ஃபீல்டுக்கு ட்ரெயின், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அங்கிருந்து மேற்கால ஒரு அஞ்சு மைல். கார் இருந்தா பிரச்சனையே இல்ல. பஸ்னா போக மட்டும் இல்ல, திரும்பி வரவும் டைம் பாத்து வெச்சுக்கோங்க. டாக்ஸின்னா இன்னும் உஷார், நான் ரிட்டர்னுக்கு சொல்லி வெச்ச வண்டி வரவே இல்ல, பேர் வேணாம் விடுங்க, மழைல பப்ல உக்காந்து வேற வண்டி தேட வேண்டியதாப் போச்சு. ஞாயித்துக்கிழமை காலையில ஆராதனை இருக்கும், அந்த நேரத்துல டார்ச் அடிச்சுட்டு சுத்த முடியாது, கல்யாணம் அடக்கம்னு எதுவும் இருக்கான்னும் முன்னாடியே பாத்துக்கோங்க. டிக்கெட் கிடையாது, உண்டியல்ல நீங்களா பாத்துப் போடுங்க, அந்த ஈயக் கூரையப் பராமரிக்கிறதெல்லாம் சின்ன செலவு இல்ல.

ஸ்டார் அஞ்சுக்கு நாலரை. அரை குறைச்சது அந்த டிசைன் பக்கங்களுக்கு.