புது கலர் ஃபிலிம் என்று விற்கப்படும் சினிமாச் சுருள்: பயணத்துக்கு முன் பாருங்கள்

பயணத்துக்கு ஃபிலிம் ரோல் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு. "400 ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன் எண்), பகல் ஒளிக்கான கலர் நெகட்டிவ், எந்த லேபிலும் கழுவலாம்" என்று இணையத்தில் ஒருவர் விற்ற ரோல்களை வாங்கி ஏமாந்தோம். ஹம்பியில் எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான். லேபில் இருந்தவர் முனையை இழுத்துப் பார்த்தார். முதுகுப்பக்கம் கன்னங்கரேலென்று இருந்ததால் மெஷினில் போட மறுத்துவிட்டார். அவர் செய்தது முழுக்கச் சரி. கையால் கழுவிய பிறகு ஓரத்தில் தெரிந்த எண் 5219. அதாவது கோடாக் விஷன்3, 500 ஐ.எஸ்.ஓ., டங்ஸ்டன் இழை விளக்கின் மஞ்சள் ஒளிக்கான சினிமா நெகட்டிவ்.

சினிமாச் சுருளை வெட்டி ரோலாக்கி விற்பதில் தவறே இல்லை. 400 அடிச் சுருளில் 36 படத்துக்கான ரோல்கள் எழுபதுக்கு மேல் தேறும். சொல்லி விற்கும் நேர்மையானவர்கள் இருக்கிறார்கள். மறைத்து விற்பதுதான் மோசடி. ஏனென்றால் இந்த ஃபிலிம் அந்த 3200 கெல்வின் மஞ்சள் ஒளிக்குச் செய்தது. 85 எண் ஆரஞ்சு ஃபில்டர் போடாமல் வெயிலில் எடுத்தால் நீலம் பாயும். ஹேமகூடத்துப் பாறைகளின் பழுப்பு, விட்டலர் கோயில் கல்தேர், எல்லாம் நீலம். ஸ்கேனில் வெளிச்சமான பகுதிகளைச் சரிசெய்யலாம். மண்டபத்துத் தூண்களின் நிழலில் ஃபிலிமின் சிவப்பு பதியும் அடுக்கில் பதிவே குறைவு, அங்கே எதை இழுத்தும் பயனில்லை. இதன் சரியான கழுவுமுறை, சினிமா நெகட்டிவுக்கான ஈ.சி.என்-2. சாதாரண கலர் ஃபிலிமுக்கு லேப்களில் செய்யும் சி-41 முறையில் கழுவினால் கான்ட்ராஸ்ட் ஏறி, கோபுரத்தின் பின்னால் உள்ள வானம் வெளுத்துவிடும்.

முதுகில் இருக்கும் கறுப்பு, ரெம்ஜெட் என்னும் கரிப்பூச்சு. சி-41 மெஷினுக்குள் போனால் மருந்தைக் கெடுத்து, அடுத்தடுத்து வரும் மற்றவர்களின் ஃபிலிமிலும் ஒட்டும். உங்கள் ஒரு ரோல் யாரோ ஒருவரின் கல்யாணப் படங்களைப் பாழாக்கலாம்.

கேமராவில் போடும் முன்பே கண்டுபிடிக்கலாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை ஏற்கெனவே வெளிச்சம் பட்டதுதான், வெட்டினால் நஷ்டமில்லை. இரண்டு சென்டிமீட்டர் வெட்டி, சலவைச் சோடா கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஒரு நிமிடம் போட்டு, முதுகை வெள்ளைத் துணியால் தேயுங்கள். கரி ஒட்டினால் சினிமா ஃபிலிம். ரெம்ஜெட் இல்லாத புதிய விஷன்3 சுருள்கள் 2025 முதல் வருவதால் இது மட்டும் போதாது, ஃபிலிம் ஓரத்து ஓட்டைகளையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஸ்டில் ஃபிலிமின் ஓட்டை நான்கு பக்கமும் நேராக, மூலை மட்டும் உருண்டிருக்கும். சினிமா நெகட்டிவில் மேலும் கீழும் நேர்கோடு, இரு பக்கமும் வெளியே வளைந்து பீப்பாய் போல இருக்கும். இதை எந்த லேபிளாலும் மறைக்க முடியாது.

டப்பாவில் டி.எக்ஸ். கட்டங்கள் (ஐ.எஸ்.ஓ.வைக் கேமராவுக்குச் சொல்லும் கறுப்பு-வெள்ளிக் கட்டங்கள்) இல்லாவிட்டாலும் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட ரோலைப் பல தானியங்கி கேமராக்கள் 100 ஐ.எஸ்.ஓ. என்றே எடுத்துக்கொள்ளும். பகல் வெளிச்சத்தில் லோடரால் (பெரிய சுருளிலிருந்து ரோல் சுற்றும் கருவி) சுற்றிய ரோலாக இருந்தால் கடைசி ஓரிரு படங்கள் வெளிச்சம் பட்டுப் புகைந்துபோகும். முக்கியமான கட்டடத்தை 35, 36-இல் வைக்காதீர்கள்.

ஏற்கெனவே எடுத்து முடித்துவிட்டீர்களா? லேபில் மறைக்காமல் சொல்லுங்கள், கையால் கழுவுபவரிடம் கொடுங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, டேங்கில் ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி ஊற்றி, நீர் தெளியும்வரை அலச வேண்டும். மிச்சக் கரியைக் கடைசி அலசலில் ஈர ஸ்பாஞ்சால் முதுகில் மட்டும் துடைக்கவும். படம் பதிந்த மறுபக்கம் ஈரத்தில் மிருதுவாக இருக்கும், தொட்டால் கீறல்தான்.

விற்றவர் முதலில் "உங்கள் லேப் கெடுத்துவிட்டது" என்றார். ஓர எண்ணைப் படமெடுத்து அனுப்பிய பிறகே பதில் மாறியது. பணம் இன்னும் வரவில்லை. ஸ்கேன் மட்டும் போதும் என்று நெகட்டிவை லேபிலேயே விட்டிருந்தால் காட்ட ஒன்றும் இருந்திருக்காது. நெகட்டிவை வெட்டாமலோ ஆறு ஆறாக வெட்டியோ கண்டிப்பாகத் திருப்பி வாங்குங்கள். விற்பவரிடம் வாங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள்: மூல ஃபிலிமின் எண் என்ன, பகல் ஒளிக்கா டங்ஸ்டனுக்கா, ரெம்ஜெட் உண்டா, காலாவதி எப்போது. இந்த நான்குக்கும் நேராகப் பதில் வராத ரோலை வாங்காதீர்கள்.