சம ஊதியச் சட்டம்: புகார் வழியா, நிரூபிக்கும் கடமையா?

சட்டத்தால் சமத்துவம் வருமா? ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்ற சட்டம், சுமையை யார் தலையில் ஏற்றுகிறது என்பதைப் பொறுத்தது. புகார் வழியில், குறைவாகச் சம்பளம் வாங்கும் ஊழியரே புகார் கொடுக்க வேண்டும்; கடமை வழியில், சமமாகத் தருவதை நிறுவனமே நிரூபிக்க வேண்டும்.

செலவு: புகார் வழியில் பெரும்பாலும் ஊழியருக்கு, கடமை வழியில் நிறுவனத்துக்கு.

ஆதாரம்: புகார் கொடுப்பவருக்குச் சக ஊழியரின் சம்பளச் சீட்டு எங்கே கிடைக்கும்? இங்கேதான் பலர் பின்வாங்குகிறார்கள். ஐஸ்லாந்தின் 2018 சட்டம் இதைத் திருப்பிப்போட்டது: 25 பேர் முதல் வேலை செய்யும் நிறுவனம், வேலைகளை மதிப்பிட்டு, தணிக்கை முடித்து, சம ஊதியச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றது. 3 ஆண்டுக்கொருமுறை புதுப்பிப்பு என்றும் வைத்தது. தவறினால் தினமும் 50,000 குரோனா வரை அபராதம் விதிக்க வழி செய்தது.

கெடு: புகார் வழியில், பிரிட்டன் தீர்ப்பாயத்தில் பொதுவாக வேலையை விட்ட 6 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

ஓட்டை: கடமை வழியில், பெண்கள் கீழ்ப்பதவியிலேயே தேங்கினாலும் சான்றிதழ் கிடைத்துவிடும்.

பழைய பாக்கியை வாங்கப் புகார் வழி. சம்பள அமைப்பையே சரிசெய்யக் கடமை வழி.