ஊதா, கத்தரிப்பூ, சாம்பல்: பல வருடப் பாவனையில் கண்டது

வெள்ளவத்தைப் புடவைக்கடைப் பைகள், கல்யாண அழைப்பிதழ்கள், ஒரு கல்வி நிலையத்தின் இணையத்தளம் என்று இந்த மூன்று நிறங்களையும் பல வருடங்களாகச் சேர்த்துப் பாவித்து வருகிறேன். இன்றைக்கும் எனக்கு மிகப் பிடித்த கூட்டு இதுதான். ஊதாவை யாரும் தெரிவுசெய்துவிடலாம். சாம்பலைத் தெரிவுசெய்வதில்தான் வேலையே இருக்கிறது.

கறுப்பை வெளிறவைத்து எடுக்கிற வெறும் சாம்பலை ஊதாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லேசாகப் பச்சைமஞ்சள் அடித்த மாதிரித் தெரியும். பக்கத்து நிறத்துக்கு எதிர்நிறத்தைக் கண் தானாகவே கூட்டிக்கொள்கிறது. பாரிஸ் கோப்லன் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த செவ்ரோல் 1839இலேயே இதை விரிவாக எழுதிவிட்டார். அதனால் என் சாம்பலுக்குள் எப்போதும் கொஞ்சம் ஊதா இருக்கும். திரைக்கு நான் வைப்பது, சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில், 107, 104, 116. அதோடு போகும் ஊதா 91, 45, 142. வெள்ளைப் பின்னணியில் 118, 118, 118ஐவிட வெளிறிய சாம்பலில் எழுத்து வைக்காதீர்கள். பார்வை குறைந்தவர்களும் வாசிக்க வேண்டும் என்று இணைய அணுகல் விதி கேட்கிற, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு கிடைக்காது. வெளிர் கத்தரிப்பூ பின்னணிக்கு மட்டும்.

அச்சுக்குப் போனால்தான் பாடு. அங்கே ஊதா என்பது சயான் என்ற வெளிர்நீல மையும் மெஜெந்தா என்ற இளஞ்சிவப்பு மையும் சேர்ந்து வருவது. இரண்டையும் ஒரே அளவில் விட்டால் தாளில் நீலம்தான் இறங்கும். நான் வழமையாகக் கொடுக்கும் கொட்டாஞ்சேனை அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிற அண்ணா, பிளேட் (ஒவ்வொரு மைக்கும் ஒன்றாக வரும் அச்சுத் தகடு) போட முன்னமே சொல்லிவிடுவார்: “சயானை இன்னும் இறக்குங்க தங்கச்சி, இல்லாட்டி நேவி புளூதான் வரும்.” மெஜெந்தாவைவிடச் சயான் 30 சதவீதமாவது குறைவாக இருந்தால் பயமில்லை.

சின்ன எழுத்து இன்னொரு சிக்கல். இரண்டு மை ஒன்றன்மேல் ஒன்று விழும்போது மயிரிழை விலகினாலும் ண, ஞ, ணை போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் இது இவ்வளவு தெரியாது. தமிழில் அழைப்பிதழின் முகவரி வரியே கலங்கிப்போகும். உள்ளே வரும் சின்ன எழுத்துக்கு முழுக் கறுப்பு, தலைப்புக்கு மட்டும் ஊதா என்பது என் வழக்கம். அச்சடிக்கும் பிரதிகள் அதிகம் என்றால் ஊதாவையும் சாம்பலையும் தனித்தனி மையாகவே கலக்கச் சொல்லுவேன். நான்கு பிளேட்டுக்குப் பதில் இரண்டு போதும், எழுத்தும் கண்ணாடி மாதிரி நிற்கும். இந்தக் கூட்டில் எனக்கு மிகப் பெரிய சந்தோஷம் தருவது அதுதான்.

கல்யாண அழைப்பிதழில் சாம்பலைப் பார்த்ததும் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். மங்கல காரியத்துக்கு ஆகாது என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதே இடத்தில் வெள்ளி ஃபாயில் போட்டால் வடிவாகவும் இருக்கும். கத்தோலிக்க வீடுகளில் ஊதா என்றால் தவக்கால நினைவு வரும், கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

வெளியே தொங்கும் பதாகைக்கு இந்தக் கூட்டை நான் கொடுப்பதே இல்லை. காலி வீதி வெயிலில் மெஜெந்தாதான் சயானுக்கு முந்தி வெளிறும், பிறகு ஊதா என்று நினைத்தது நீலமாக நிற்கும். கட்டாயம் வேண்டுமென்று கடைக்காரர் நின்றால், அச்சடிக்காமல் ஊதா நிற ஸ்டிக்கர் தாளிலேயே எழுத்தை வெட்டி ஒட்டச் சொல்லுங்கள்.