வாஷிங்டன் பேனா கண்காட்சி: வெள்ளிக்கிழமையே போய்விடுங்கள்

ஆகஸ்டில் வாஷிங்டன் டி.சி. அருகே நடக்கும் இந்த மைப்பேனா கண்காட்சி உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று. பழைய பேனா தேடுபவர்களுக்கு இதைவிட நல்ல இடம் அரிது. சனிக்கிழமைதான் சிக்கல்: மேசையை நெருங்க முடியாது, நல்ல சரக்கு அதற்குள் கைமாறியிருக்கும். நம் எழுத்துக்கு ஏற்ப நிப்பைத் தேய்த்துத் தருபவர்களிடம் காலையிலேயே பெயர் கொடுத்துவிடுங்கள்.

10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் கட்டாயம் வேண்டும். மூடியின் விளிம்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். மயிரிழை விரிசல் அங்கேதான் ஒளிந்திருக்கும். லீவரால் உள்ளிருக்கும் ரப்பர் பையை அழுத்தி மை நிரப்பும் பழைய ஷீஃபர் (அமெரிக்க நிறுவனப் பேனா) என்றால், "ரப்பர் பை மாற்றியதா?" என்று முதலில் கேளுங்கள். பை காய்ந்து இறுகியிருக்கும்போது லீவரை வலிந்து தூக்கினால் லீவர் வளையும், சில சமயம் குழலே பிளந்துவிடும். பிறகு அனுமதி கேட்டு, நிப்பை மையில் தொட்டு எழுதிப் பாருங்கள். மறுத்தால் அடுத்த மேசைக்கு நகர்வதே நல்லது.