வாழ்த்து அட்டை வெட்ட எது வசதி: கத்தியா, ட்ரிம்மரா, கில்லட்டினா?

கத்தரிக்கோலைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வளைவுக்கும் பூ வடிவத்துக்கும் அது போதும். நேர்க்கோடு என்று வந்தால், கத்தரி வாய் மூடித் திறக்கும் இடத்தில் எல்லாம் ஒரு சின்னப் படி விழும். போட்டி மற்ற மூன்றுக்கும் நடுவில்தான்.

கட்டர் கத்தியும் ஸ்டீல் ஸ்கேலும் இருந்தால், கீழே ஒரு கட்டிங் மேட்டைப் போட்டு எந்த அளவு அட்டையையும் வெட்டலாம். ஆனால் 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம் எடை) அட்டையை ஒரே இழுப்பில் முடிக்க நினைத்து அழுத்தினால் ஸ்கேல் நகர்ந்துவிடும். லேசாக மூன்று இழுப்பு இழுங்கள். முதல் இழுப்பு கோடு போடத்தான், வெட்ட அல்ல. ஸ்கேலை வேண்டிய பகுதியின் மேல் வையுங்கள். கத்தி வழுக்கினாலும் கழிவுப் பக்கம்தான் போகும். பிளாஸ்டிக் ஸ்கேல் கூடவே கூடாது. என்னுடையதில் 7 செ.மீ. பக்கத்தில் கத்தி கடித்த பள்ளம் ஒன்று உண்டு. அதற்கப்புறம் வெட்டிய ஒவ்வொரு அட்டைக்கும் அதே இடத்தில் ஒரு குட்டிக் குழி!

கைப்பிடியோடு நீளக் கத்தியை இறக்கி வெட்டும் கில்லட்டின் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். வேகமும் உண்டு. ஆனால் அந்தக் கத்தி இறங்கும்போது அட்டையைப் பக்கவாட்டில் இழுக்கும். வெட்டும் இடத்தை ஒட்டி அழுத்திப் பிடிக்கும் பட்டை இல்லாவிட்டால், கெட்டி அட்டை மெல்ல நகர்ந்து கோணலாகிவிடும். இரண்டு மூன்று தாளைச் சேர்த்து வைத்தால் மேல் தாளும் கீழ்த் தாளும் ஒரே அளவில் வராது. எனக்கு இது கடைசி இடம்தான்.

உருளும் பிளேடு ட்ரிம்மரில் அட்டையைப் பட்டை அழுத்திப் பிடிக்க, சக்கரம் அதன் மேல் ஓடுகிறது. அதனால் அட்டை நகராது. பிளேடு மழுங்கினால் மட்டும் ஓரம் பஞ்சு பஞ்சாக வரும், மாற்றிவிட வேண்டியதுதான்.

அதைவிடப் பெரிய வசதி, அட்டையின் ஓரம் முட்டி நிற்கும் அளவுக்கான தடுப்பு. கத்தியோடு வேலை செய்தால் ஒவ்வொரு அட்டைக்கும் தனித்தனியாகப் பென்சில் புள்ளி வைக்கிறோம். ஒவ்வொன்றும் தன் போக்கில் அரை மி.மீ. தவறும். ட்ரிம்மர் தடுப்பு அரை மி.மீ. தள்ளியிருந்தால் இருபது அட்டையும் ஒரே மாதிரி தவறும், யாருக்கும் தெரியாது. ஆக, இரண்டு மூன்று அட்டைக்குக் கத்தி, அதற்கு மேல் ட்ரிம்மர்.

வெளி அட்டையின் பிழையைக் கண் மன்னித்துவிடும். ஏ4 தாளின் 297 மி.மீ. நீளத்தைப் பாதியாக்கினால் 148.5 வரும். அதை மடித்தால் 148.5க்கு 105. இது சி6 உறைக்குள், அதாவது 162க்கு 114க்குள், தாராளமாகப் போகும். அரை மி.மீ. கூடினாலும் குறைந்தாலும் கவலையில்லை.

உள்ளே ஒட்டும் வண்ணத் தாள்தான் வம்பு. ஒரு பக்க ஓரம் 4, மறுபக்கம் 6 என்றால் உடனே கண்ணில் குத்தும். அதனால் அந்தத் தாளையாவது ட்ரிம்மரில் வெட்டுங்கள். அளவையும் கணக்கிலிருந்து எடுக்காமல், வெட்டி முடித்த அட்டையின் மேல் ஸ்கேலை வைத்தே எடுங்கள். சுற்றிலும் 5 மி.மீ. ஓரம் விட, நீளத்திலும் அகலத்திலும் கழிக்க வேண்டியது 10. நான் 5 மட்டும் கழித்து வெட்டிய ஒரு கட்டுத் தாள் இன்னும் டிராயரில் கிடக்கிறது. புத்தகத்தில் பக்கம் அடையாளம் வைக்க உதவுகிறது.